புள்ளியில்லாப் பாடங்கள்

கல்லூரி மலருக்குக் கட்டுரை வரைவோர் பெரும்பாலும் இரண்டு வழிகளுள் ஒன்றைக் கைக்கொள்வர். கழிந்த காலத்து அதிபர்களையும் ஆசிரியர்களையும் நினைந்து போற்றுதல் ஒன்று. பரீட்சைப் பெறுபேறுகளையும் துடுப்பாட்ட வெற்றிகளையும் எடுத்தெண்ணி மகிழ்தல் மற்றொன்று. இரண்டும் வேண்டுவனவே. இம்மலரின் ஏனைய பக்கங்களில் அவை நிறையவே இடம்பெறும் என்னும் துணிவினால், நாம் இங்கு வேறொன்றைப் பேச முற்படுகின்றோம். க. பொ. த. சாதாரண தரப் பரீட்சையில் ஒன்பது பாடங்களிலும் 'ஏ' சித்தி எய்தி நம் கல்லூரியை விட்டு வெளியேறும் மாணாக்கன் ஒருவன், நீரில் விழுந்தால் மிதப்பானா? தாயார் கையொப்பமிடவிருக்கும் கடன் பத்திரத்தை வாசித்து அதன் பொருளை அவருக்கு எடுத்துச் சொல்வானா? காய்ச்சலிற் கிடக்கும் தம்பிக்குக் கஞ்சி வைத்துக் கொடுப்பானா? இவற்றுக்கு விடை 'இல்லை' என்பதாயின், அவன் பெற்ற சித்திகளைக் குறைத்து மதிக்க வேண்டுவதில்லை. ஆனால், கல்லூரி தன் கடமையை முற்றச் செய்தது என்று சொல்லவும் இயலாது.

இதற்கு மறுமொழியாக எழும் முதற் கூற்றை நாம் அறிவோம். நீச்சலும் சமையலும் பணங் கையாளுதலும் வீட்டிலே கற்கத்தக்கன. அவற்றையும் பாடசாலையின் தலையிற் சுமத்தினால் பாடத்திட்டத்தை எப்பொழுது முடிப்பது என்பர். வீடு கற்பித்த காலம் ஒன்று இருந்தது உண்மையே. குடாநாட்டிலே ஆறு என்று சொல்லத்தக்கது மாரியில் மட்டும் ஓடும் வழுக்கியாறு ஒன்றே. ஆயினும், கோயிற் கேணியிலும் ஊர்க் குளத்திலும் தமையன்மாரோடு இறங்கிப் பிள்ளைகள் நீந்தப் பழகினர். கீரிமலைக் கேணியில் அவ்வாறு பழகியவர்கள் நம் பழைய மாணவருள்ளே பலர் உளர். 1990 இல் வலிகாமம் வடக்கு மக்கள் இடம்பெயர்ந்த பின்பு, அக்கேணிப் பக்கம் பல்லாண்டுகள் எளிதிற் செல்ல இயலாதாயிற்று. கரையோரங்கள் பலவும் அவ்வாறே அடைபட்டன. போர் 2009 இல் முடிந்தது. கேணியும் கடலும் மெல்ல மெல்லத் திரும்பக் கிடைத்தன. அதற்குள், கற்பிக்க வேண்டிய தமையன்மார் நீந்தத் தெரியாதவராகவே வளர்ந்துவிட்டனர். பலர் கடல் கடந்து போயினர். எஞ்சிய பிள்ளைகளின் மாலைப் பொழுதையும் சனி ஞாயிறுகளையும் தனியார் கல்வி நிலையங்கள் எடுத்துக்கொண்டன. வீடு கற்பிக்கட்டும் என்று சொல்வோர், அவ்வீட்டில் இப்பொழுது யார் இருக்கின்றார் என்பதை நோக்குவதில்லை. தந்தை வெளிநாட்டில், தாய் வேலைத்தலத்தில், பேர்த்தியார் தனியே என்னும் வீடுகள் எத்தனை! வீட்டிலே கற்க வாய்ப்புள்ள பிள்ளைக்காக நாம் இங்கு வாதிடவில்லை. அவ்வாய்ப்பு இல்லாத பிள்ளைக்கு வேறு போக்கிடம் எது?

பாடசாலையால் இதனைச் செய்ய இயலாது என்பதையும் நாம் ஒப்புக்கொள்ளோம். நம் பாடசாலைகள் செய்து காட்டியுள்ளன. போர்க்காலத்திலே விமானத்தின் இரைச்சல் கேட்டவுடன் மேசையை விட்டெழுந்து பதுங்கு குழிக்கு ஓடவும், குழி தொலைவிலாயின் நின்ற இடத்திலேயே குப்புறப் படுக்கவும், வெடியதிர்ச்சி காதைத் தாக்காவண்ணம் செவிகளைப் பொத்தவும் சிறு வகுப்புப் பிள்ளைகளும் பழகியிருந்தனர். பின்னர், 2002 ஆம் ஆண்டுப் போர்நிறுத்தத்தை அடுத்த காலத்திலும், 2009 இற்குப் பிந்திய மீள்குடியேற்றக் காலத்திலும், வடக்கு கிழக்குப் பாடசாலைகளிலே யுனிசெப் நிறுவனத்தின் துணையுடன் மிதிவெடி அபாயக் கல்வி நடைபெற்றது. மண்டையோட்டுக் குறியிட்ட சிவப்புப் பலகையை அறிதல், பற்றை மண்டிய வளவினுள் இறங்காதிருத்தல், புதிதாகக் கண்ட உலோகப் பொருளைத் தொடாது பெரியவர்க்கு அறிவித்தல், வந்த சுவட்டிலேயே திரும்புதல் ஆகியவற்றைப் பிள்ளைகள் படங்கண்டும் நடித்துப் பார்த்தும் கற்றனர். தாம் கற்றதை வீட்டுக்குச் சென்று பெற்றாருக்கும் சொல்லினர். இப்பாடத்துக்குத் தவணைப் பரீட்சை இருந்ததில்லை, புள்ளி இருந்ததில்லை, முதலாம் பிள்ளை, கடைசிப் பிள்ளை என்னும் வரிசையும் இருந்ததில்லை. ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வந்தாக வேண்டும் என்பதே அதன் ஒரே விதி. கற்றலின் பயன் உயிரோடிருத்தல் என்பது வெளிப்படையாகத் தெரிந்தமையால், நேரமில்லை என்று அன்று எவரும் சொல்லவில்லை.

நாட்டின் கல்வி வரலாற்றை நோக்கினும் இதுவே புலப்படும். வாழ்வுக்கு வேண்டியவற்றைப் பாடசாலையிற் புகுத்த இலங்கையில் முயற்சியே நடைபெறவில்லை என்பார் கூற்றுப் பிழை. 1930களிலே, சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா கல்வியமைச்சராயிருந்த காலத்தில், கண்டிக்கு அண்மையிலுள்ள ஹந்தெஸ்ஸவில் தொடங்கிய கிராமியக் கல்வித் திட்டம் பயிர்ச்செய்கையையும் கைத்தொழிலையும் சுகாதாரத்தையும் வகுப்பறைக்குள் கொணர்ந்தது. நகரத்து ஆங்கிலப் பாடசாலைகள் பழையபடியே இருக்க, கிராமத்துப் பிள்ளைக்கு மட்டும் மண்வெட்டியா என்று பெற்றார் ஐயுற்றனர். அவர்கள் ஐயுற்றது நியாயமே. 1972 இன் சீர்திருத்தம் தொழின்முன்னிலைப் பாடங்களை எல்லாப் பாடசாலைகளுக்கும் விதித்தது. 1977 இல் ஆட்சி மாறியதும் அம்முறை கைவிடப்பட்டுப் பழைய பரீட்சை மீண்டது. 1997 இன் சீர்திருத்தத்தோடு 'வாழ்க்கைத் தேர்ச்சி' என்னும் பெயரிலேயே ஒரு பாடம் வந்தது. அதற்கும் நூல் அச்சாயிற்று, வினாத்தாள் வந்தது, கோபங் கொண்டபோது செய்யத்தக்கன யாவை என்பதற்குக் குறிப்புப் புத்தகத்தில் விடை எழுதி மனனஞ் செய்தார்கள். உலக சுகாதார நிறுவனம் 1990களின் தொடக்கத்தில் வாழ்க்கைத் திறன்கள் எனப் பத்தினை வகுத்தது. தீர்மானமெடுத்தல், பிறர் துயர் உணர்தல், மன அழுத்தத்தை எதிர்கொள்ளல் முதலிய அவை யாவும் உள்ளத்தின் திறன்கள்; சிறந்தவை. ஆயினும், கையும் காலும் கொண்டு செய்யும் ஒன்றேனும் அப்பட்டியலில் இல்லை. உள்ளத் திறனைப் புத்தகத்தில் அச்சிட்டு வினாவாக்கிவிடுதல் எளிது என்பதனாலே, நம் நாட்டுப் பாடநூலார்க்கு அது மிகவும் உவப்பாயிற்றுப் போலும். நீச்சலை அவ்வாறு ஏமாற்றவியலாது. ஒருவன் மிதக்கின்றான், அல்லது மிதக்கவில்லை.

நீரைப் பற்றிச் சற்று விரிவாகவே பேச விரும்புகின்றோம். நாம் தீவில் வாழ்பவர்கள். அதிலும் மூன்று புறமும் கடல் சூழ்ந்த குடாநாட்டினர். 2004 மார்கழி 26 ஆம் திகதி இந்நாட்டில் 30,000 இற்கு மேற்பட்டோர் கடற்கோளில் மாண்டனர். வடமராட்சி கிழக்கும் முல்லைத்தீவும் பட்ட பாட்டை இங்கு விரிக்க வேண்டுவதில்லை. கடல் வழமைக்கு மாறாக உள்வாங்கியபோது, அது யாதென்று பார்க்கக் கரையில் நின்றவர்களும் கடலை நோக்கிச் சென்றவர்களும் பலர். அதே நாளில், தாய்லாந்தின் புக்கெட் தீவுக் கரையொன்றிலே விடுமுறைக்கு வந்திருந்த பத்து வயதான ஆங்கிலேயச் சிறுமியொருத்தி, கடல் நுரைத்துப் பொங்கும் விதத்தைக் கண்டு, ஆழிப்பேரலை வரப்போகின்றது என்று பெற்றாரிடம் வற்புறுத்திச் சொன்னாள். அக்கரையிலிருந்தோர் அகற்றப்பட்டு உயிர் தப்பினர். இரண்டு வாரங்களுக்கு முன்னர்தான் அவளுடைய புவியியல் ஆசிரியர் வகுப்பிலே அதனைக் கற்பித்திருந்தார். நம் பிள்ளைகளும் புவியியல் கற்றவர்களே. அவர்கள் கற்ற புவியியலில் அன்று கடல் இருக்கவில்லை.

பேரலை நூற்றாண்டில் ஒருமுறை வரலாம்; நீரில் மூழ்கி இறத்தலோ அன்றாடம் நிகழ்வது. உலக சுகாதார நிறுவனத்தின் கணிப்புப்படி 2021 இல் உலகெங்கும் ஏறத்தாழ 3 இலட்சம் பேர் இவ்வாறு இறந்தனர். அவர்களுட் பெருந்தொகையினர் பிள்ளைகளும் இளைஞருமே. பாடசாலை வயதுப் பிள்ளைகளுக்கு அடிப்படை நீச்சலும் நீர்ப் பாதுகாப்பும் கற்பிக்க வேண்டும் என்பது அந்நிறுவனத்தின் விதந்துரைகளுள் ஒன்று. வங்காளதேசத்திலே, செல்வமிக்க நாடுகளின் நீச்சற்றடாகங்களை எதிர்பார்த்திராமல், ஊர்க் குளத்தில் மூங்கிலாலே தட்டியமைத்து, அதனுள்ளே நான்கு வயது முதற்கொண்ட பிள்ளைகளுக்கு மிதக்கவும் சிறிது தூரம் நீந்தவும் கற்பித்தனர். கற்ற பிள்ளைகளிடையே மூழ்கி இறத்தல் மிகப் பெரிதும் குறைந்தது என்று ஆய்வுகள் காட்டின. ஆதலின், நீச்சற்றடாகம் கட்டும் வரை பொறுத்திருப்போம் என்பது சாட்டேயன்றிக் காரணம் ஆகாது. காரைநகர்க் கசூரினாக் கரையிலே நெடுந்தூரம் இடுப்பளவு நீரே உண்டு. மல்லாந்து மிதக்கவும், மூச்சையடக்கி நீருள் முகம் புதைக்கவும், இருபத்தைந்து யார் தூரம் எவ்வாறேனும் கையடித்துக் கரை சேரவும் கற்றால் போதும். போட்டியில் வெல்லும் நீச்சல் நமக்கு வேண்டுவதில்லை. அதனினும் முதன்மையானது ஒன்றுண்டு. மூழ்குபவனைக் கண்டவுடன் பின்னால் பாயும் தோழனும் மூழ்கிப் போகும் செய்தியை ஆண்டுதோறும் பத்திரிகைகளிற் காண்கின்றோம். பாயாதே; கயிற்றை எறி, தடியை நீட்டு, வாய் மூடிய வெற்றுக் கானை வீசு என்பதைக் கற்பிக்க அரை நாள் போதும். நல்ல உள்ளம் படைத்த பிள்ளையே முதலிற் பாய்கின்றான்; அவனுக்குத்தான் இப்பாடம் முதலில் வேண்டும்.

இனி, தாளில் மூழ்குதல். போருக்குப் பின்னர் வடக்கிலும் கிழக்கிலும் சிறுகடன் நிறுவனங்கள் வீடு வீடாக வந்தமையும், பெண்களைக் குழுவாக்கி ஒருவருக்கொருவர் பிணைவைத்துக் கடன் கொடுத்தமையும், கிழமைதோறும் தவணை கேட்டு வாயிலில் நின்றமையும், ஒரு கடனை அடைக்க மற்றொரு கடன் எடுத்தமையும் அறியாதார் இலர். 2018 இல் அரசாங்கம், வறட்சியுற்ற மாவட்டங்களிலே பெண்கள் பெற்ற 1 இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட கடன்களுக்கு நிவாரணம் அறிவிக்கும் அளவுக்கு அத்துன்பம் முற்றியது. அவ்வீடுகள் பலவற்றிலே உயர்தர வகுப்பிற் கணிதம் பயிலும் பிள்ளையும் இருந்தது என்பதே நம்மை வருத்துவது.

ஓர் எடுத்துக்காட்டைக் கணித்துப் பார்ப்போம். 50,000 ரூபா கடன். ஆண்டு வட்டி நூற்றுக்கு 24. 52 கிழமைகளில் திருப்புதல். முழுத்தொகைக்கும் முழு ஆண்டுக்கும் வட்டி கணித்தால் 12,000 ரூபா, ஆகமொத்தம் 62,000, கிழமைக்கு 1,192 ரூபா சொச்சம். முகவர் சொல்லும் கணக்கு இதுவே, நியாயமாகவே தோன்றுகின்றது. ஆனால், இருபத்தாறாவது கிழமையில் அத்தாயார் முதலிற் பாதியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். கையில் இல்லாத அந்த 25,000 ரூபாவுக்கும் வட்டி ஓடிக்கொண்டேயிருக்கின்றது. ஒவ்வொரு கிழமையும் உண்மையில் எஞ்சிய தொகைக்கு மட்டும் வட்டியென்று கணித்தால், அவர் கொடுப்பது ஆண்டுக்கு நூற்றுக்கு 24 அன்று, ஏறத்தாழ 44. பதினோராந் தரக் கணித நூலிலே குறைந்து செல்லும் மீதிக்கு வட்டி காணும் கணக்கு இருக்கின்றது. மாணாக்கர் அதனைச் செய்து புள்ளியும் பெறுகின்றனர். வகுப்பு மேசையின்மீது உண்மையான கடன் பத்திரம் ஒன்றேனும் விரிக்கப்பட்டதில்லை. ஆதலின், புத்தகத்துக் கணக்கும் வீட்டு வாயிற் கணக்கும் ஒன்றென்பது அவர்களுக்குத் தோன்றுவதுமில்லை.

கடன் பத்திரத்தோடு வேறு தாள்களும் வகுப்பிற்கு வரவேண்டும். நகை அடகுச் சீட்டு, வாடகை உடன்படிக்கை, காணி உறுதி, அற்றோணித் தத்துவம் ஆகியவற்றை வாசிக்கப் பழகாத பிள்ளை நம் ஊரில் வாழத் தகுதியுள்ளவனாக வளர்ந்தான் என்று எவ்வாறு சொல்வது? பிணை நிற்றல் என்பது நட்புக்கு இடும் கையொப்பம் என்றே பலரும் எண்ணுகின்றனர். கடன்பட்டவன் கொடானாயின் தானே கொடுக்க வேண்டும் என்பது வழக்கு வந்தபின்னரே விளங்குகின்றது. தேசவழமை ஆளும் குடும்பத்தில், மணமான பெண் தன் சீதனக் காணியைக் கணவனின் சம்மதமின்றி உறுதி முடிக்க இயலாது என்பதும், பங்குக் காணியை விற்கும்போது ஏனைய பங்காளருக்கு முதலுரிமை உண்டு என்பதும் நம் பிள்ளைகளுட் பலர் கேள்விப்படாதவை. 16 பரப்புக் கொண்டது ஓர் ஏக்கர் என்பதையேனும் சொல்வாரா என்பதும் ஐயமே. வெளிநாட்டிலிருந்து அற்றோணித் தத்துவம் அனுப்பி, எதற்கு எவ்வளவு அதிகாரம் கொடுத்தோம் என்பதை வாசியாமலே விட்ட நண்பர்கள், இப்பகுதியை இருமுறை வாசிப்பார்களாக. தொலைபேசிக்கு வரும் இரகசிய இலக்கத்தைக் கேட்போர்க்குக் கொடுத்தலும், ஆட்சேர்த்தாற் பணம் பெருகும் என்னும் கூம்பகத் திட்டங்களில் சேர்தலும் இவ்வினத்தனவே. மத்திய வங்கி பலமுறை எச்சரித்தும் படித்தவர்களே அவற்றில் விழுகின்றனர்.

சமையலைப் பற்றிச் சொன்னாற் சிலர் நகைப்பர். நம் கல்லூரி ஆண்பிள்ளைகளின் கல்லூரி. ஆகவே அது இங்கு கூடுதலாக வேண்டும். யப்பானிலே 1993, 1994 ஆம் ஆண்டுகள் முதல் இடைநிலை வகுப்புகளிலும் உயர் வகுப்புகளிலும் மனையியல் ஆண்பிள்ளைகளுக்கும் கட்டாயமாயிற்று. வகுப்பறையைக் கூட்டித் துடைத்தலும் அந்நாட்டுப் பிள்ளைகளின் அன்றாடக் கடன். இங்கோ, மகன் படிக்கின்றான் என்று சொல்லி அவன் உண்ட கோப்பையையும் தங்கை கழுவுகின்றாள். இலண்டனுக்கும் தொறன்ரோவுக்கும் சென்ற நம் பழைய மாணவர் சோறு காய்ச்சக் கற்றது எத்தனை பானைகளைக் கரியாக்கிய பின்னர் என்பதைச் சங்கக் கூட்டங்களிலே அவர்களே நகைச்சுவையாகச் சொல்லக் கேட்டுள்ளோம். அவர்கள் நகைக்கலாம், வீட்டிலே நோயுற்ற தாயை வைத்திருக்கும் பதினைந்து வயதுப் பிள்ளைக்கு அது நகைப்பன்று.

முதலுதவியைச் சில சொற்களில் முடிக்கலாம். பாம்பு கடித்த இடத்தைக் கீறாதே, இறுக்கிக் கட்டாதே, கடியுண்ட கையையோ காலையோ அசையாது வைத்து விரைவில் வைத்தியசாலைக்குக் கொண்டு செல். நோயாளர் காவுவண்டிக்கு 1990 என்னும் இலக்கம் வடக்கிலும் 2018 முதல் உண்டு. தீக்காயத்துக்குப் பற்பசையன்று, ஓடும் தண்ணீர். இவற்றை எல்லோரும் அறிந்திருப்பதாக நினைக்கின்றோம். கேட்டுப் பார்த்தால் விடைகள் வேறுவேறாக வருகின்றன.

இவற்றுக்கு நேரம் எங்கே என்னும் வினா எஞ்சுகின்றது. பாடத்திட்டத்தைத் திருத்துமாறு கொழும்பை நோக்கி மனு எழுதவேண்டும் என்பார் கருத்தோடு நாம் உடன்படோம்; அது நடந்தாலும் இன்னொரு நூலும் இன்னொரு வினாத்தாளுமே வரும். தரம் எட்டிலிருந்து பத்து வரை, மாதத்தில் ஒரு சனிக்கிழமைக் காலையை நம் கல்லூரியே ஒதுக்கிக்கொள்ளலாம். அன்று தனியார் வகுப்புக்குப் பிள்ளையை அனுப்ப வேண்டாம் என்று அதிபர் பெற்றாரைக் கேட்டுக்கொண்டால், முதலாண்டில் முணுமுணுப்பு எழும் என்பதில் ஐயமில்லை. அதனைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். புள்ளியும் வேண்டா, பரிசளிப்பும் வேண்டா. மிதந்த பிள்ளையின் பெயருக்கு எதிரே ஒரு கோடு, மிதவாத பிள்ளைக்கு மறுமுறை அழைப்பு, அவ்வளவே.

ஆசிரியர்கள்மீது இதனையும் ஏற்றுதல் முறையன்று. அவர்களுக்கு உள்ள வேலையே மிகுதி. பழைய மாணவருள்ளே நொத்தாரிசுகள் உளர், வங்கி முகாமையாளர் உளர், வைத்தியர் உளர், கரையோர ஊர்களிற் பிறந்து கடலோடு வளர்ந்தோரும் உளர். இலங்கை உயிர்காப்புச் சங்கம் பயிற்சியளிக்கின்றது. நம்முள் இளையோர் நால்வரை அதற்கு அனுப்புதல் கூடும். விழா நிதியில் மற்றொரு நுழைவாயில் வளைவு எழுப்பலாமா, அரங்குக்குப் புதிய திரைச்சீலை வாங்கலாமா என்று கடிதப் போக்குவரத்து நடைபெறுவதை அறிவோம். வளைவு ஒன்று ஏற்கெனவே இருக்கின்றது. பிள்ளைகள் அதனூடாகத் தட்டுத்தடங்கலின்றியே வந்து போகின்றனர். அந்நிதியில் ஒரு சிறு பங்கேனும் இதற்கு ஒதுக்கப்படுமாயின், வாடை ஓய்ந்து சோளகம் எழுமுன், பங்குனி சித்திரையிலே எட்டாந் தரத்துப் பிள்ளைகளைக் காரைநகருக்குக் கொண்டுசெல்லலாம். பேருந்துக் கூலியே பெரிய செலவு. அதனை வெளிநாட்டுக் கிளைகள் பகிர்ந்துகொண்டால் நன்று. கயிறும் வெற்றுக் கான்களும் ஊரிலேயே கிடைக்கும்.